காற்று நின்ற ராத்திரி: ஒரு சாண் உயரத்தில் நடந்த வெப்பச் சண்டையின் வரலாறு

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தாயிற்று. எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன கிராமம். வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் மொட்டை மாடியில்தான் படுப்போம். அப்போது எங்கள் ஆயா சொல்கிற ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

மார்கழி, தை மாதங்களில் ராத்திரி வாசலில் புளி காயப் போட்டிருந்தால் ஆயா முதலில் வானத்தைப் பார்க்கும். அப்புறம் முந்தானை ஆடுகிறதா என்று பார்க்கும். மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால், "இன்னிக்கி பனி கொட்டும், புளிய உள்ள எடுத்துப் போடுடா" என்று சொல்லும். காற்று ஓடினால், "காத்து இருக்குது, ஒண்ணும் ஆகாது, கெடக்கட்டும்" என்று போய்ப் படுத்துவிடும். நான் பார்த்தவரை ஆயாவின் கணக்கு தப்பியது ரொம்பக் குறைவு.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. காற்று அடித்தால் நமக்குக் குளிர்கிறது. அப்படியானால் காற்று அடிக்கிற ராத்திரியில்தானே பனி அதிகம் கொட்ட வேண்டும்? ஏன் தலைகீழாக இருக்கிறது? இதற்குப் பதில் தேடப் போய், தரைக்கும் அதன் மேலே இருக்கிற காற்றுக்கும் இடையில் நடக்கும் வெப்பக் கொடுக்கல் வாங்கலின் கதைக்குள் விழுந்துவிட்டேன். அந்தக் கதையில் நம் நாட்டுக்காரர்களுக்கு முக்கியமான இடம் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூட நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் செய்த கோமாளித்தனம்

முதலில் சொந்தக் கதை. கல்லூரியில் ஒரு சின்ன புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. ராகி அறுத்துவிட்டு உழுது போட்டிருந்த எங்கள் நிலத்தில் ஒரு மூங்கில் கழி நட்டு, நான்கு தெர்மாமீட்டர்களைக் கட்டினேன். ஒன்று தரையை ஒட்டி, ஒன்று ஒரு சாண் உயரத்தில், ஒன்று இடுப்பளவில், ஒன்று தலைக்கு மேலே. விடியற்காலை நான்கு மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு டார்ச் லைட்டோடு போய்ப் படித்தேன். (தெருநாய்கள் என்னைத் திருடன் என்று நினைத்தது தனிக்கதை.)

முதல் மூன்று நாள் லேசாகக் காற்று இருந்தது. நான்கு தெர்மாமீட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டின. நான்காம் நாள் இலை கூட அசையவில்லை. அன்று தலைக்கு மேலே இருந்ததைவிடத் தரையில் குளிர் அதிகம். அது புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் எல்லாவற்றையும் விடக் குறைவாகக் காட்டியது தரையில் இருந்த தெர்மாமீட்டர் அல்ல, ஒரு சாண் உயரத்தில் இருந்தது! தரையைவிட ஒன்றரை டிகிரி குறைவு.

லெக்சரரிடம் காட்டினேன். "ராத்திரியில் தரைதான் முதலில் குளிரும், அதுதான் ரொம்பக் குளிரும். உன் தெர்மாமீட்டர் சரியில்லை" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு தெர்மாமீட்டரையும் இடம் மாற்றிக் கட்டிக் காற்றில்லாத இன்னொரு ராத்திரி பார்த்தேன். அப்போதும் ஒரு சாண் உயரம்தான் ஒரு டிகிரி குறைவாக இருந்தது. ஆனாலும் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு ராத்திரிகளையும் எழுதவில்லை. மற்ற மூன்று நாள் கணக்கை மட்டும் அழகாக வரைபடம் போட்டுக் கொடுத்தேன். நல்ல மார்க்கும் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்பது கட்டுரை போகப் போகப் புரியும்.

டீ ஆற்றுகிற காற்று

தரை எப்படிச் சூடாகிறது, எப்படிக் குளிர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பகலில் வெயில் பெரும்பாலும் காற்றைத் தாண்டி வந்து தரையைத்தான் சுடுகிறது. தரை தன் மேல் ஒட்டியிருக்கும் காற்றைச் சுடுகிறது. அந்தக் காற்று மேலே போய் மற்ற காற்றைச் சுடுகிறது. அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்று மேலிருந்து சூடாவதைவிடக் கீழிருந்துதான், தோசைக்கல் மேல் இருப்பதுபோல், அதிகம் சூடாகிறது. ராத்திரியில் இது தலைகீழ். தரை தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும். அதனால் குளிர்கிறது. மேகம் இருந்தால் அது கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். மேகமில்லாத வானம் அவ்வளவு தராது.

இதில் காற்றின் வேலை என்ன? கலக்குவது. டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரில் அப்படியே வைத்தாலும் டீ ஆறும், ஆனால் மெதுவாக. தூக்கி ஊற்றினால் டீயின் ஒவ்வொரு பகுதியும் காற்றைத் தொட்டுச் சீக்கிரம் ஆறிவிடும். ஓடுகிற காற்றும் இதையே செய்கிறது. தரையை ஒட்டிய காற்றையும் மேலே உள்ள காற்றையும் சுழல் சுழலாகக் கலந்து, சூடானதைக் குளிர்ந்ததோடு சேர்த்துவிடுகிறது.

இப்போது ஆயாவின் கணக்கு புரிகிறதா? தெளிந்த ராத்திரியில் தரை, மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. காற்று ஓடினால், மேலே இருக்கும் கதகதப்பான காற்றைக் கொண்டுவந்து தரைக்குக் கொடுத்துவிடுகிறது. தரை போதுமான அளவு குளிராது, பனி பிடிக்காது. நம் உடம்புக்குக் காற்று குளிர்ச்சி தருகிறது, ஏனென்றால் நாம் காற்றைவிடச் சூடு. ராத்திரித் தரைக்கு அதே காற்று சூடு தருகிறது, ஏனென்றால் அது காற்றைவிடக் குளிர்ச்சி. காற்று யார் பக்கமும் சாய்வதில்லை. உள்ளவனிடம் வாங்கி இல்லாதவனிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கங்கைக் கரையில் ஐஸ் விளைந்த கதை

இந்த விஷயத்தைக் காசாக்கியவர்கள் ஒரு காலத்தில் வட இந்தியாவில் இருந்தார்கள். நம்பினால் நம்புங்கள், தண்ணீர் உறையும் அளவுக்குக் காற்று குளிராத ஊர்களில் அவர்கள் ராத்திரியில் ஐஸ் தயாரித்தார்கள்.

சென்னை ஐஸ் ஹவுஸ் எல்லாருக்கும் தெரியும். இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்க 1842ல் கட்டப்பட்டது. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் ஐஸ் கல்கத்தாவுக்கு முதலில் வந்தது 1833ல். அதற்கு முன்னால் ஐஸ் வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர்கள்தான் கதி.

சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயத் தளபதி, அலகாபாத் முதலிய இடங்களில் தான் பார்த்த இந்த முறையை 1775ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். சுமார் 30 அடிச் சதுரத்தில், 2 அடி ஆழத்தில் பள்ளம் தோண்டுவார்கள். அடியில் காய்ந்த கரும்புச் சக்கை அல்லது சோளத்தட்டை மெத்தை மாதிரிப் பரப்புவார்கள். அதன் மேல் மெல்லிய, ஆழமில்லாத சின்ன மண் தட்டுகளை வரிசையாக வைத்து, பொழுது சாயும்போது காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுவார்கள். சூரியன் வருவதற்கு முன் வந்து ஐஸை வழித்து எடுத்துக் கூடையில் போடுவார்கள்.

இதில் ஒரு விசேஷம். ஐஸ் விளைய வானம் தெளிந்து, காற்று அடங்கியிருக்க வேண்டும். உடம்பு நடுங்கும் குளிர்காற்று வீசுகிற ராத்திரியில் ஐஸ் கிடைக்காமல் போகலாம். மனிதனுக்கு அவ்வளவு குளிராத, அமைதியான ராத்திரியில் கூடை நிறையக் கிடைக்கலாம். ஆயாவின் பனிக்கணக்குதான், கொஞ்சம் பெரிய அளவில்!

மண் தட்டில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் குளிர்கிறது, பானைத் தண்ணீர் மாதிரி, என்று அப்போது பலரும் நினைத்தார்கள். ஆனால் ஆவியாவதுதான் காரணம் என்றால் காற்று அடிக்கும்போது இன்னும் நன்றாகக் குளிர வேண்டும். ஈரத்துணி காற்றில்தானே சீக்கிரம் காய்கிறது? இந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். 1814ல் வெளியான பனித்துளி பற்றிய அவருடைய நூலில், தெளிந்த வானத்துக்குக் கதிர்வீச்சாக வெப்பம் போவதுதான் முதல் காரணம், காற்று வந்தால் சுற்றியுள்ள வெப்பத்தைக் கொடுத்து அதைக் கெடுத்துவிடுகிறது என்று விளக்கினார். வங்காளத்து ஐஸையும் அதே விளக்கத்துக்குள் கொண்டுவந்தார். பனி வானத்திலிருந்து விழுவதில்லை, குளிர்ந்த பொருளின் மேல் அங்கேயே உண்டாகிறது என்பதும் அவர் உறுதிப்படுத்தியதுதான். நாம் இன்னமும் "பனி பெய்கிறது" என்றுதான் சொல்கிறோம். மொழிக்கு அவசரம் இல்லை :-)

பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிகள் காரணத்தை எழுதி வைக்கவில்லை. ஆனால் அடியில் காய்ந்த தட்டையைப் பரப்பியது, மண்ணின் சூடு மேலே ஏறாமல் தடுக்கத்தான். பள்ளம் தோண்டியது காற்றோட்டத்தை மறிக்கவும் உதவியது. பௌதிகம் தெரியாமல் இதைச் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாலக்காட்டுக்காரர் பார்த்த அதிசயம்

அடுத்த காட்சி பூனா. 1926லிருந்து 1928 வரை இருந்த ராயல் விவசாயக் கமிஷன், வானிலைத் துறை விவசாயிகளின் தேவையையும் கவனிக்க வேண்டும் என்று சொன்னது. 1932ல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் எல்.ஏ. ராமதாஸ். 1900ல் பாலக்காட்டில் பிறந்தவர். அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது. கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு 1926ல் வானிலைத் துறையில் சேர்ந்தவர்.

வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரைச் சுமார் நாலடி உயரத்தில் வெள்ளை மரப்பெட்டிக்குள் வைப்பது வழக்கம். ஆனால் கேழ்வரகுப் பயிரும் கடலைச் செடியும் வாழ்வது நாலடிக்குக் கீழே அல்லவா? செடிக்கு எவ்வளவு குளிர், எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டுமானால் குனிந்துதான் அளக்க வேண்டும். ராமதாஸ் குனிந்தார். கரிசல் மண்ணின் மேல் வெள்ளைப் பொடி தூவினால் மண்ணின் சூடு எப்படிக் குறைகிறது என்பது வரை பார்த்தார்.

அப்படி அளந்தபோதுதான் அந்த அதிசயம் தட்டுப்பட்டது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிகளில், வெறும் மண் தரைக்கு மேலே, மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. தரை அதைவிடச் சில டிகிரி வரை கதகதப்பாக இருந்தது. 1932ல் ராமதாஸும் எஸ். ஆத்மநாதனும் சேர்ந்து இதை ஒரு ஜெர்மன் புவியியற்பியல் இதழில் வெளியிட்டார்கள்.

சில பத்து சென்டிமீட்டர்! என் மூங்கில் கழியில் ஒரு சாண்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் யாரும் நம்பவில்லை?

உலகம் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் வெறும் பொறாமை இல்லை, நியாயமான சந்தேகம்தான்.

குளிர்ந்த காற்று கனம், சூடான காற்று லேசு. ஒரு சாண் உயரத்தில் குளிர்ந்த காற்றும் அதற்குக் கீழே சூடான காற்றும் இருந்தால், கனமானது கீழே இறங்கி, லேசானது மேலே ஏறி, சில நிமிடங்களில் எல்லாம் கலந்து சமமாகிவிட வேண்டும். அடுப்பில் வைத்த தண்ணீரில் நடப்பது அதுதான். அந்தக் குளிர்ந்த படலம் மணிக்கணக்காக அப்படியே எப்படி நிற்கும்? எண்ணெய்க்கு மேலே தண்ணீர் நிற்கிறது என்று சொல்வது மாதிரி இருந்தது.

அதனால் தெர்மாமீட்டரில் கோளாறு என்றார்கள். வேறு எங்கிருந்தோ குளிர்ந்த காற்று வழிந்து வந்திருக்கும் என்றார்கள். ராத்திரியில் தரைதான் ரொம்பக் குளிரும் என்ற பாடம் அவ்வளவு உறுதியாக இருந்தது. என் லெக்சரர் சொன்னதும் அதே பாடம்தான், ஆகவே அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

கால் நூற்றாண்டு போனது. 1956ல் ஜே.வி. லேக் இங்கிலாந்தில் வெறும் மண்ணின் மேல் அளந்து இதே மாதிரிப் படலத்தைக் கண்டார். 1957ல் கிளாஸ் ராஷ்கே என்ற ஜெர்மானியர் பூனாவிலேயே கவனமாகச் செய்த அளவீடுகளை வெளியிட்டார். ராமதாஸ் சொன்னது நிஜம்தான் என்று தெரிந்தது. 1970ல் டி.ஆர். ஓக் கனடாவிலிருந்து இன்னும் சாட்சி சேர்த்தார். இன்று அதற்கு ராமதாஸ் படலம் என்றே பெயர். ராமதாஸ் 1979ல் காலமானார். தன் கண்டுபிடிப்பு உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் அது ஏன் நடக்கிறது என்ற விளக்கத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

விளக்கமும், விளக்கத்தின் மேல் விளக்கமும்

விளக்கத்தைத் தேடியவர்கள் பெங்களூர்க்காரர்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அங்கே ரொத்தம் நரசிம்மா இருந்தார். விமானங்களையும், காற்றின் கொந்தளிப்பையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1991ல் அவரும், 1993ல் அவரோடு ஏ.எஸ். வாசுதேவ மூர்த்தியும் ஜே. சீனிவாசனும் சேர்ந்து ஒரு கொள்கையை முன்வைத்தார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். மண் முழுமையான கதிர்வீசி அல்ல, கொஞ்சம் குறைவாகவே வீசுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று கதிராகக் கொடுக்கும் வெப்பம், தரையிடமிருந்து அதற்குத் திரும்பக் கிடைப்பதைவிட அதிகம். அதனால் அந்த மெல்லிய படலம் நேரடியாகவே வேகமாகக் குளிர்கிறது. தரைக்கோ பகலில் மண்ணுக்குள் சேர்த்துவைத்த சூடு அடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆக, காற்று குளிர்ந்து, தரை கதகதப்பாக நிற்கிறது. காற்று வீசினால் இந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். நன்றாகப் பொருந்திய கொள்கை. பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் இது சாதாரண வெற்றிக்கதை. முடியவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில், நரசிம்மாவே பணியாற்றிய அதே நிறுவனத்தில், கே.ஆர். ஸ்ரீனிவாஸ், கணேஷ் சுப்ரமணியன், வி.கே. பொன்னுலட்சுமி முதலியோர் அந்தக் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். தரை பிரதிபலிக்கும் கதிரைக் கணக்கில் எடுத்த விதத்தில் ஒரு பிழை இருந்தது என்றும், நிஜத்தில் இல்லாத குளிர்ச்சியை அது காட்டுகிறது என்றும் 2012ல் வெளியிட்டார்கள். அப்படியானால் நீராவி மட்டும் அந்த வேகத்தில் குளிர்விக்க முடியாது. வேறு யாரோ இருக்க வேண்டும்.

அந்த யாரோ, தரையை ஒட்டி மிதக்கும் நுண்துகள்கள் என்பது அவர்கள் முடிவு. 2010லிருந்து 2014 வரை வந்த கட்டுரைகளில் கள அளவீடும் ஆய்வுக்கூட சோதனையும் காட்டி இதைச் சொன்னார்கள். தூசியும், ஈரம் உறிஞ்சிய துகள்களும் தரைக்கு அருகே அடர்த்தியாக இருக்கின்றன. அவை வானத்துக்கு வெப்பத்தை வீசித் தம்மைச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கின்றன.

ஊரே மதிக்கிற மூத்தவரின் கொள்கையில் பிழை என்று அவர் இருக்கும் இடத்திலேயே எழுதினார்கள். யாரும் தலையை எடுக்கவில்லை! நரசிம்மாவுக்கு 2013ல் பத்ம விபூஷண் கிடைத்தது, 2020ல் மறைந்தார். அவருடைய பெருமை இதனால் ஒரு துளி குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பகலில் காற்று நின்றால்?

இதுவரை ராத்திரிக் கதை. பகலிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

தரையிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தைக் கணக்கிட ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. காற்றின் வேகத்தையும், தரைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தையும் பெருக்கி, ஒரு எண்ணால் பெருக்கினால் விடை. காற்று பலமாக ஓடும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காற்றின் வேகம் பூஜ்யம் என்றால்? பெருக்கல் விடையும் பூஜ்யம். அதாவது காற்று நின்றுவிட்டால் தரை காற்றுக்குச் சூடே கொடுக்காது என்று ஆகிவிடும்!

சித்திரை மாதம் மத்தியானம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்ற யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இலை அசையாத வெயிலில், உழுத செம்மண் காட்டில் திடீரென்று பேய்க்காத்து சுழன்று எழும்பும். சருகையும் புழுதியையும் தூக்கிக்கொண்டு நாலு பனைமர உயரம் போகும். சின்ன வயதில் அதைப் பார்த்து எச்சில் துப்பிவிட்டு ஓடியிருக்கிறோம். அது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கொதிக்கும் தரையை ஒட்டிய காற்று, கலக்கிவிட ஆள் இல்லாததால், தானே கிளம்பி மேலே போகிறது. டீ மாஸ்டர் வரவில்லை என்றால் டீயே எழுந்து தன்னை ஆற்றிக்கொள்கிற மாதிரி.

இந்த இடத்தில் மறுபடியும் நம் நாட்டுச் சோதனை ஒன்று வருகிறது. 1990 பருவமழைக் காலத்தில் மான்ட்பிளெக்ஸ் என்ற பெரிய சோதனை நடந்தது. ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, கரக்பூர் ஆகிய நான்கு இடங்களில் 30 மீட்டர் உயரக் கோபுரங்கள் நட்டு, பல மட்டங்களில் காற்றையும் வெப்பத்தையும் அளந்தார்கள். பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள ஜோத்பூர்க் கோபுரத்தின் கணக்கை வைத்து, குசுமா ராவும் நரசிம்மாவும் 2006ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காற்று மெதுவாக இருக்கும்போது, மேலே போகும் வெப்பத்தின் அளவு காற்றின் வேகத்தைப் பொறுத்ததே இல்லை. தரைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் அதைத் தீர்மானிக்கிறது. காற்றே இல்லாத வெப்பச்சலனத்துக்கு எழுதப்பட்ட பழைய விதி, லேசான காற்றுக்கும் பொருந்துகிறது. அந்த விதிப்படி வித்தியாசம் இரண்டு மடங்கானால் வெப்ப ஓட்டம் சுமார் இரண்டரை மடங்காகும்.

இது ஏதோ சூத்திரத் தகராறு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் பெரும்பகுதியில் வருடத்தின் பல நாட்கள் மெதுவான காற்றுதான். பலமான காற்று வீசும் நாடுகளில் உருவான சூத்திரத்தை அப்படியே போட்டால் நம் கணக்கு தவறும். கடலிலும் இதே கதைதான். ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரியில், காற்று குறைவான இடங்களில் வெப்பமண்டலக் கடல் கொடுக்கும் நீராவி மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. 1992ல் மில்லர், பெல்யார்ஸ், பாமர் ஆகிய மூவர் அதைத் திருத்திக் காட்டினார்கள். அந்த ஒரு சின்னத் திருத்தத்தால் வெப்பமண்டல மழைக் கணிப்பே மேம்பட்டது. மழையை நம்பி மானாவாரி விதைக்கிற மாவட்டத்துக்காரனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது?

ராத்திரிப் பக்கமும் அப்படித்தான். மூடுபனி உருவாவது தரைக்கு மேலுள்ள சில மீட்டர்களில் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். 2015 குளிர்காலத்திலிருந்து டெல்லி விமான நிலையத்தில் மூடுபனியை அளக்கத் தனியாகவே ஆராய்ச்சி நடத்தியிருக்கிறார்கள். பயிருக்கும் அப்படியே. குளிரில் முதலில் அடிபடுவது ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் இருக்கும் இளஞ்செடிதான். நாலடிப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் அதன் கஷ்டத்தைச் சொல்லாது.

கடைசியாக

என் அளவீட்டுக்கு வருகிறேன். அதை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கடையில் வாங்கிய சாதாரணத் தெர்மாமீட்டர்கள். ஒரு டிகிரி வித்தியாசம் அவற்றின் சொந்தப் பிழையாகவே இருக்கலாம். என் மூச்சுக்காற்று பட்டிருக்கலாம். தரைத் தெர்மாமீட்டர் மண்ணைத் தொட்டிருக்கலாம். இரண்டு ராத்திரி போதவே போதாது.

ஆனால் நான் செய்த தப்பு அளந்ததில் இல்லை, மறைத்ததில். புத்தகத்தோடு ஒத்துப்போன மூன்று நாளை எழுதினேன், ஒத்துப்போகாத இரண்டு நாளைக் கிழித்துப் போட்டேன். ராமதாஸும் ஆத்மநாதனும் என்னை மாதிரி நினைத்திருந்தால் 1932ல் அந்தக் கட்டுரை வந்திருக்காது. கால் நூற்றாண்டு யாரும் முழுதாக நம்பாமல் இருந்தும் அவர்கள் எழுதி வைத்தது இருந்தது. அதனால்தான் லேக் தேடினார், ராஷ்கே பூனாவுக்கு வந்தார், நரசிம்மா விளக்கினார், அந்த விளக்கத்தையும் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்.

இந்த மார்கழியில் மறுபடியும் கழி நடப்போகிறேன். இந்த முறை தெர்மாமீட்டர்களை முதலில் ஒரே வாளித் தண்ணீரில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் இடம் மாற்றி, காற்று இருந்ததா இல்லையா என்பதையும் குறித்து, வந்தது வந்தபடி எழுதப்போகிறேன். காற்று இருந்ததா என்று பார்க்க என்னிடம் கருவி இல்லை. ஆயாவின் முந்தானை இருக்கிறது, அது போதும்.

உங்கள் ஊரில் பனி கொட்டும், கொட்டாது என்று பெரியவர்கள் எதை வைத்துச் சொல்வார்கள்? விசாரித்துப் பாருங்கள். சிரித்துவிட்டுப் போகாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்றைக்கு என் ரிப்போர்ட்டிலிருந்து கிழித்த பக்கத்துக்கு ஈடாக, எனக்கு நாலு பக்கம் சேரட்டும்.